நண்டு நெபுலாவை மறைத்த விளக்குகள்

ஜனவரி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பிற்பகல் இரண்டு மணிக்கு வேலூரில் பேருந்து ஏறினேன். காலடியில் என் தொலைநோக்கி. கணியம்பாடி, அமிர்தி தாண்டி ஜவ்வாது மலை ஏறியதும் காற்று குளிர்ந்தது.

பத்து ஆண்டுகளாக நண்டு நெபுலாவின் காமாக் கதிர்களை ஆராய்கிறேன். வெடித்துச் சிதறிய நட்சத்திரமொன்றின் மிச்சம் அது. அதன் நடுவே பல்சார் எனப்படும் ஒரு சிறு நட்சத்திரம், நொடிக்கு முப்பது முறை சுழன்றபடி கதிர்களை வீசிக்கொண்டிருக்கிறது. செயற்கைக்கோள் பிடித்த அந்தக் கதிர்கள் என் கணினிக்கு வெறும் எண்களாகத்தான் வரும். நெபுலாவை ஒரு முறைகூட நான் நேரில் பார்த்ததில்லை. நகரத்து வானம் விடவில்லை.

"கும்மிருட்டா இருக்கும் மேடம். நட்சத்திரம் பாக்கத்தான் எல்லாரும் வர்றாங்க" என்று நான் அறை எடுத்திருந்த மலை விடுதியின் மேலாளர் போனில் சொல்லியிருந்தார்.

மாலை ஏழு மணிக்குத் தொலைநோக்கியை முற்றத்தில் நிறுத்தினேன். உடனே நீச்சல்குளத்தைச் சுற்றி ஃபோகஸ் லைட்டுகள் எரிந்தன. எல்லாம் வானத்தைப் பார்த்து. நெபுலா இருக்கும் ரிஷப ராசியே தெரியவில்லை.

மேலாளரிடம் ஓடினேன். "கொஞ்ச நேரம் அணைங்க!"

"இன்னா மேடம், கெஸ்ட்டுங்க செல்ஃபி எடுக்க வேணாமா? நீங்க சொல்ற நெபுலா கூகுள்லயே கலர் கலரா கீதே."

"இருட்டுன்னு சொல்லித்தானே வரவச்சீங்க?" என்று கத்தினேன். அவர் குளத்தருகே ஓடிய பாட்டின் சத்தத்தைக் கூட்டச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

தொலைநோக்கிக் குழாயைத் தோளில் சுமந்து, சாமை அறுத்து வெறும் நிலமாய்க் கிடந்த ஒரு கொல்லை வரை நடந்தேன். கொல்லைக்குச் சொந்தக்காரர் குப்பம்மாள் டார்ச்சோடு வந்தார். காரணத்தைச் சொல்லி, "இங்க நல்ல இருட்டுங்க" என்றேன்.

"நல்ல இருட்டா? இந்த வழியிலதான் எங்க வூட்டுக்காரர பாம்பு கடிச்சிது. பொழச்சிக்கினாரு, கால் போய்ட்ச்சு. ஒரு தெருவெளக்கு கேட்டு எத்தினி வருசமா அலையறோம்! உங்களுக்கு இருட்டு வேணுமாமே!"

என்றாலும் அவரே முறைப்போடு டார்ச்சை அணைத்தார்.

குழாய்க்குள் சாம்பல் பூசினாற்போல் ஒரு கறை. அதுதான். கண் நிறைந்துவிட்டது. குப்பம்மாளும் பார்த்தார். "இதுக்கா இவ்ளோ சண்ட?"

"ஆமாங்க."

காலையில் அவர் தெருவைப் பார்த்தேன். விடுதிக்குப் போகும் மின்கம்பி அந்த வீடுகளின் தலைக்கு மேலேதான் போகிறது. ஒரு கம்பத்திலும் விளக்கில்லை. இருவருமாக ஜமுனாமரத்தூர் போய் ஒன்றிய அலுவலக அதிகாரியைப் பார்த்தோம். தரையை மட்டும் பார்க்கும்படி மூடி போட்ட விளக்கு வேண்டும் என்றேன். "பாக்கலாம்" என்றார். குப்பம்மாள் சிரித்தார், அது பழகிப்போன சிரிப்பு.

மதியப் பேருந்தில் மலை இறங்கினேன். பத்து ஆண்டு ஆசை நிறைவேறியும் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டாம் என்றுதான் தோன்றியது.