மைக் பாய் என்னைக் கூப்பிட்ட விதம்

அந்த மேஜைக்கு அடியில் ஒன்றுமே இல்லை என்று ஊரே நம்பியது. மேஜைக் கால்களுக்கு நடுவே இரண்டு கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். பக்கத்துத் திரையின் சிவப்புத் துணி அவற்றில் தெரியும்; பார்க்கிறவர்கள் அதைப் பின்னால் தொங்கும் திரை என்று நினைத்துக்கொள்வார்கள். கண்ணாடிகளுக்குப் பின்னால் காலை மடக்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். பலகையிலிருந்த ஓட்டை வழியாகத் தலை மட்டும் மேலே. கழுத்தைச் சுற்றி ஒரு பித்தளைத் தட்டு, முகம் முழுக்கப் பவுடர், கண்ணில் கறுப்புத் துணிக் கட்டு. கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை வந்த பொருட்காட்சியில் 'உடம்பில்லாமல் பேசும் மாயசுந்தரி' நான்தான். எழுபதுகளின் கடைசியில் தொடங்கிச் சில வருடங்கள் இதுதான் என் பிழைப்பு. இன்றைக்கு முட்டிவலிக்குப் போகும்போது டாக்டர், சின்ன வயதில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால் அப்போதும் சமையல்தான் என்று சொல்லிவிடுகிறேன்.

என் தலையை நம்பிக் கூட்டம் வந்தது என்று சொன்னால் அது பொய். கூட்டம் மைக் பாயின் தொண்டையை நம்பி வந்தது. அவர் இந்த ஊர்க்காரர்தான், பழைய முஸ்லிம் குடும்பம். வாசலில் மைக்கோடு நின்று அவர் ஒருமுறை கூவினால், ராட்டினத்துக்கு வரிசையில் நிற்கிறவன் கூட நமக்கு இங்கே என்ன வேலை என்று கூடாரத்தைத் திரும்பிப் பார்ப்பான். கூட்டம் உள்ளே வந்ததும் மைக்கை வைத்துவிட்டு நடுவில் நடப்பார். யாரிடமாவது ஒரு பொருளை வாங்கி உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இது என்ன என்று என்னைக் கேட்பார். கண் கட்டியிருந்த தலை சரியாகச் சொல்லும். ஜனம் வாயைப் பிளக்கும்.

விஷயம் அவர் என்னைக் கூப்பிடுகிற விதத்தில் இருந்தது. "சொல்லும்மா" என்றால் கைக்கடிகாரம். "சொல்லு தாயி" என்றால் மோதிரம். மகளே என்றால் பேனா, கண்ணு என்றால் சாவி, பாப்பா என்றால் சீப்பு. அவர்கள் வீட்டு உருதில் மகளைக் கூப்பிடுகிற மாதிரி "பேட்டீ" என்று இழுத்தால் கைக்குட்டை. ஒரு பெண்ணைப் பிரியமாகக் கூப்பிட இருக்கிற எல்லா வார்த்தையையும் இப்படி ஒவ்வொரு பொருளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டோம். தங்கச்சி என்பதையும் எதற்காவது வைக்கலாம் என்று அவர் சொன்னபோது நான்தான் மறுத்தேன். "அது வேணாம் பாய். எங்க அண்ணன் கூப்புட்றது" என்றேன். அவர், "சரி, அந்த வார்த்தைய வேலைக்கு எடுக்க வேணாம். சும்மா இருக்கட்டும்" என்றார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஷோ இல்லாத நேரத்தில் அவரால் என்னை எப்படியும் கூப்பிட முடியாமல் போயிற்று. "சாப்டியாம்மா" என்று கேட்டால் எனக்கு உடனே கைக்கடிகாரம்தான் ஞாபகம் வரும். அதனால் "இந்தா" என்பார், இல்லாவிட்டால் "த பாரு" என்பார். நாங்கள் இரண்டு பேரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அண்ணன் வீடு அடி அண்ணாமலையில். புருஷன் விட்டுவிட்டுப் போனபிறகு அங்கேதான் இருந்தேன். அண்ணன் நல்லவன், தங்கச்சி தங்கச்சி என்றுதான் வாய் நிறையக் கூப்பிடுவான். ஆனால் அண்ணி சோறு போடும்போது கரண்டி சட்டியில் இடிக்கிற சத்தம் எனக்கு மட்டும் தனியாகக் கேட்கும். பழைய மாயசுந்தரி காய்ச்சல் கண்டு படுத்த வருடம், மெல்லிய கழுத்துள்ள பெண்ணாகப் பார்த்து மேனேஜர் தேடிக்கொண்டிருந்தார். நான் லாரி ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபத்துக்கும் சொந்த ஊருக்கே வந்து, சொந்த ஜனத்தின் முன்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெரிந்த குரல் கேட்டால் என் குரலை மாற்றிக்கொண்டு பேசுவேன். ஒரு வருடம் மலைமேல் தீபம் ஏற்றுகிற நேரத்துக்குக் கூடாரமே காலியாகி எல்லோரும் வெளியே ஓடினார்கள். பலகையைக் கழற்றாமல் என்னால் எழுந்திருக்க முடியாது. பாய் வெளியே ஓடவில்லை. என் கண்கட்டை அவிழ்த்துவிட்டு, கூடாரத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏத்திட்டாங்க... இப்ப சின்னதா தெரியுது... இப்ப நல்லா புடிச்சிக்கிச்சு" என்று தான் பார்ப்பதை எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஊர் முழுக்க அரோகரா என்று எழுந்த சத்தத்தில் நான் மேஜைக்குள் உட்கார்ந்து அழுதேன். அந்த மனிதரை என் கூடப் பிறந்தவராகவே அன்றைக்கு நினைத்தேன்.

எங்கள் பொருட்காட்சிக் கம்பெனியில் வேலையை விட்டு நீக்குகிறோம் என்று யாரும் யாரிடமும் சொல்லமாட்டார்கள். ஊரை விட்டுக் கிளம்புகிற காலையில் அவரவர் படுக்கையைச் சுருட்டி லாரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். மேனேஜர் கைகாட்டும் படுக்கைகள் மேலே ஏறும். ஏறாத படுக்கைக்காரன் அடுத்த ஊருக்கு வரவேண்டாம், அவ்வளவுதான். சண்டை கிடையாது, காரணம் கிடையாது. "அவன் படுக்கை ஏறலியாம்" என்று பிறகு பேசிக்கொள்வார்கள். லாரியில் என் படுக்கைக்கு இருந்த இடம்தான் எனக்கு உலகத்தில் இருந்த இடம். அது போனால் அண்ணி வீட்டுச் சட்டி என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

எதிர் கம்பெனி வந்த வருடம் எல்லாம் கெட்டது. நாங்கள் செங்கம் சாலைப் பக்கம் கூடாரம் போட்டிருந்தோம். அவர்கள் ஊரின் மறுகோடியில், வேங்கிக்கால் பக்கம், எங்களுடையதைவிட உயரமான ராட்டினத்தைக் கலர் பல்புகளோடு நிறுத்தினார்கள். பெண்களுக்கு இலவசம் என்று மாட்டுவண்டியில் குழாய் கட்டிக் கூவினார்கள். எங்கள் முதலாளி டிக்கெட்டைக் குறைத்தார். அவர்கள் இன்னும் குறைத்தார்கள். கார்த்திகை மழையும் சேர்ந்துகொண்டது, மைதானம் சேறானது. இரண்டு கம்பெனி ஆட்களும் ஒருவர் போஸ்டரை ஒருவர் கிழித்தோம், சந்தைப்பக்கம் பார்த்தால் அடித்துக்கொண்டோம். எங்கள் முதலாளி ஜெயிக்க வேண்டும் என்று நாங்கள் வேண்டிக்கொண்ட மாதிரி அவர் வீட்டில்கூட வேண்டியிருக்க மாட்டார்கள். தீபத்தன்று அந்த இரண்டு முதலாளிகளும் ஒரே லாட்ஜ் மொட்டைமாடியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கும்பிட்டதை எங்கள் ஜோக்கர் பார்த்துவிட்டு வந்து சொன்னான். நாங்கள் நம்பவில்லை.

முதலாளிக்கு அந்த நாட்களில் ஒரே பேச்சுதான்: "கூட்டம் கம்மி, ஆளு ஜாஸ்தி." எங்களுக்குச் சமைத்துப் போட்ட கிழவரை முதலில் நிறுத்தினார். ஜெனரேட்டர் பார்த்தவனையே ராட்டினத்தையும் பார்க்கச் சொன்னார். மரணக்கிணற்றில் இரண்டு பேர் வண்டி ஓட்டியது ஒருவரானது. ஜோக்கர் மூக்கில் சிவப்பு உருண்டையோடு வாசலில் நின்று டிக்கெட் கிழித்தான். அதுவும் விளையாட்டு என்று நினைத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். நிறுத்தப்பட்டவர்கள் ஊரின் மறுகோடிக்கு நடந்துபோய் எதிர் கம்பெனியில் வேலை கேட்டார்கள். அங்கே நிறுத்தப்பட்டவர்கள் இங்கே வந்து கேட்டார்கள். வழியில் பார்த்துக்கொண்டபோது யாரும் யாரையும் அடிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் மேனேஜர், ஜோக்கருக்கும் எங்கள் ரகசியத்தைச் சொல்லிக்கொடுக்கும்படி பாயிடம் சொன்னார். "ஒரு ஆத்திர அவசரத்துக்குத்தான் பாய். உங்களுக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னா யாரு கேக்கறது?" என்றார். பாய் மத்தியான வேளைகளில் ஜோக்கரை உட்காரவைத்து அம்மா என்றால் இது, தாயி என்றால் அது என்று சொல்லிக்கொடுத்தார். நானும் கூட உட்கார்ந்து உற்சாகமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். டிக்கெட் கிழிக்கிறவனே உள்ளே வந்து கேள்வியும் கேட்டுவிட்டால் மைக் பாய் எதற்கு என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்திருந்தது, எனக்குத் தவிர. பாய்க்கு மூன்று பெண்கள், மூன்றும் கல்யாணத்துக்கு நின்றன. அவர் முகம் அந்த நாட்களில் செத்துப்போயிருந்தது. மழையில் நனைந்ததால் இருக்கும் என்று மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன்.

கடைசி நாள் சாயங்கால ஷோவுக்கு முதலாளியே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மாயசுந்தரிக்கு இன்னும் மவுசு இருந்தால் கூடாரம் அடுத்த ஊருக்கு வரும், இல்லாவிட்டால் இங்கேயே பிரித்து விற்றுவிடலாம் என்று அவருக்கு யோசனை. கூட்டம் மோசமில்லை. எனக்குத் தெம்பாகவே இருந்தது. பாய் நடுவில் நடந்துபோகும் செருப்புச் சத்தம் கேட்டது, நின்றது. யாரிடமோ எதையோ வாங்கினார்.

"இது என்னன்னு சொல்லு தங்கச்சி."

எனக்குக் காது சரியில்லையோ என்று நினைத்தேன். வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். பாய் அந்தப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொருவரிடம் வாங்கினார். "சரி, இதையாவது சொல்லு தங்கச்சி." நான் மோதிரம் என்று உளறினேன். குடை மாதிரி என்னவோ பெரிய சாமானாக இருந்திருக்க வேண்டும், கூடாரமே சிரித்தது. மூன்றாவது தடவையும் அதே வார்த்தை, அதே பிரியமான குரல். விசில் அடித்தார்கள், காசைத் திருப்பிக் கொடு என்று கத்தினார்கள். முதலாளி எழுந்து போகும் சத்தம் கேட்டது. அவ்வளவு வருடத்தில் ஒரு வார்த்தை தவறாதவர் அவர். மூன்று தடவை தவறமாட்டார். கண் கட்டியிருந்தாலும் எனக்கு அது தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் படுக்கையைச் சுருட்டி லாரிக்குப் பக்கத்தில் வைத்தேன். வைக்காமல் இருக்க மனம் வரவில்லை. மைக் பாயின் படுக்கை ஏறியது. ஜோக்கருடையது ஏறியது. என்னுடையதைத் தாண்டி மேனேஜரின் கை போனது. நான் கிட்டே போய் நின்றதும் அவர் வழக்கத்துக்கு மாறாகப் பேசினார். "நேத்து தலை தடுமாறிடுச்சேம்மா. கூடாரத்தையே முதலாளி வேணாண்ட்டாரு. மைக்கு மட்டும் மொத்தப் பொருட்காட்சிக்கும் இருக்கட்டும்னுட்டாரு. உனக்கென்ன, சொந்த ஊருதானே? பஸ் செலவுகூட மிச்சம்." பாய் லாரிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினார், கட்டினதையே மறுபடியும் கட்டினார். என் பக்கம் திரும்பவில்லை. படுக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்கு நடந்தேன். அண்ணி கதவைத் திறந்தாள். உள்ளே போய்க் கரண்டியைச் சட்டியில் போட்டாள். என்ன ஆச்சு என்று கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

இன்றைக்கு எல்லோரும் நியாயம் பேசுகிறார்கள். நான் இப்போது சமைக்கும் தங்கும் விடுதியில் கூட வேலை பார்க்கும் பையன், "அவருக்கும் வேற வழி இல்லக்கா" என்கிறான். எனக்கு அது தெரியாதா? மூன்று பெண்கள் என்பதும் தெரியும், தலை போனால்தான் ஜோக்கர் கற்ற ரகசியத்துக்கு வேலையில்லாமல் போய் அவர் மைக் பிழைக்கும் என்பதும் தெரியும், முதலாளிமார்கள் அடித்துக்கொண்டதில் நாங்கள்தான் நசுங்கினோம் என்பதும் தெரியும். அவர் என்னை வெட்டிவிட்டதற்காக நான் இத்தனை காலம் வயிறெரியவில்லை. அதற்கு வேறு எந்த வார்த்தையை எடுத்திருந்தாலும் சும்மா விட்டிருப்பேன். பேனாவைக் காட்டித் தாயி என்று கூப்பிட்டிருக்கலாம். சாவியைக் காட்டிப் பாப்பா என்றிருக்கலாம். தலை தப்பாகச் சொல்லியிருக்கும், வேலை முடிந்திருக்கும். வேலைக்கு எடுக்க வேண்டாம் என்று அவரே ஒதுக்கி வைத்த ஒரே வார்த்தையைப் போய் எடுத்தார். அதன்பிறகு அண்ணன் தங்கச்சி என்று கூப்பிட்டால்கூட எனக்கு உடம்பு கூசியது.

எண்பதுகளின் கடைசியில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் நான் சமையலுக்குச் சேர்ந்தபிறகு, அவர் ஒரு நாள் பின்வாசலில் வந்து நின்றார். ஊதுபத்தி விற்றுக்கொண்டிருந்தார். தொண்டை போயிருந்தது, மூச்சு மட்டும்தான் பேச்சாக வந்தது. அடுத்த மூன்றாவது ஊரிலேயே அவர் படுக்கையும் ஏறவில்லையாம். இரண்டு கம்பெனியும் ஒன்றாகிவிட்டது, மைக்குக்குப் பதில் டேப் ரெக்கார்டர் வைத்துவிட்டார்கள் என்றார். காபி கொடுத்தேன். உட்கார்ந்து குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்கு நான் பண்ணது தப்புதான், தங்கச்சி" என்றார்.

"அப்படிக் கூப்புடாதீங்க பாய். பேரச் சொல்லிக் கூப்புடுங்க" என்றேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். அவர் பெண்கள் மூன்று பேரின் பெயரும், எவள் மூத்தவள் எவளுக்கு ஆஸ்துமா என்பதும் இன்றைக்கும் சொல்வேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. "போஸ்டர்ல மாயசுந்தரின்னு..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஊதுபத்திக் கட்டுகளைப் பைக்குள் அடுக்கத் தொடங்கினார். அத்தனை வருடம் நான்கு கை தூரத்தில் நின்று கூப்பிட்டவருக்கு என் பெயர் தெரியவில்லை.

நானும் சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.