மணற்குழியில் ஒரு விசாரிப்பு

பெரியப்பாவை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பக் கதை என்றால் கடைசியில் யாராவது யாரையாவது கட்டிப்பிடித்து அழ வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. இதில் அப்படி ஒன்றும் இல்லை.

அவர் என் அம்மாவின் அக்காவுடைய கணவர். டென்மார்க்கில், சில்க்போர்க் என்ற ஊரில் இருக்கிறார். ஓய்வு பெறும்வரை தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்தார். இங்கே வந்து குடியேறிய எங்கள் ஆட்களிடையே மதிப்பானவர். கலியாணம் பேசும்போது ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைப் பற்றி மூன்றாம் ஆளிடம் விசாரிப்பது எங்கள் வழக்கம். நாங்கள் இருக்கிற யூலண்ட் பகுதியில் அந்த மூன்றாம் ஆள் பெரும்பாலும் பெரியப்பாதான். அவருடைய வாயால் நடந்த கலியாணங்களும் உண்டு, நின்றவையும் உண்டு.

நின்றவற்றில் ஒன்று என்னுடையது.

பேசித் தொடங்கியது என்று சொல்ல முடியாது. நானும் நான் கட்டவிருந்தவனும் ஒரு கோடைகாலம் முழுக்க ஓகூஸ் நகரத் துறைமுகப் பக்கம் நடந்து, கோப்பி குடித்து, ஒருவருக்கொருவர் பிடித்துப்போன பிறகுதான் வீடுகளில் சொன்னோம். அவனுடைய தாய் முறைப்படி பெரியப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தார். பெரியப்பா சொன்ன பதிலைப் பிறகு அவனே எனக்குச் சொன்னான்.

"பிள்ளை நல்ல பிள்ளைதான். எதுக்கும் வேறை ஆக்களிட்டையும் ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ."

அவ்வளவுதான். இந்த வசனத்தில் ஒரு பொய் இல்லை. பிடித்து உலுப்பிக் கேட்க ஒரு சொல் இல்லை. ஆனால் எங்கள் ஆட்களில் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். அந்த "எதுக்கும்" என்ற இடத்தில் கேட்டவர் ஒரு நோயையோ ஒரு வெள்ளைக்காரக் காதலனையோ வைத்து நிரப்பிக்கொள்வார். அந்தத் தாய் எதை வைத்து நிரப்பினாரோ தெரியாது. இரண்டு கிழமையில் பேச்சு நின்றது. அவன் கொஞ்சம் அழுதான், பிறகு தாய் சொன்னபடி செய்தான். அவனில் எனக்குள்ள கோபம் வேறு.

பெரியப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு பிறந்தநாள் விழாவில், காற்றாலைகள் உண்டாக்குகிற மின்சாரத்தைவிட அவற்றைச் சுற்றவைக்கச் செலவாகிற மின்சாரம் அதிகம் என்று அவர் ஒரு மேசை ஆட்களுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். காற்றாலைகளின் அதிர்வை அளந்து எந்தப் பாகம் எப்போது பழுதாகும் என்று சொல்வதுதான் என்னுடைய வேலை. அது பிழை என்று மூன்று காரணம் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். மூன்றாவது காரணத்துக்கு மேசை சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்புக்குத்தான் எனக்குக் கலியாணம் நின்றது.

அதன் பிறகு நான் அவருடன் சண்டை பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போனேன், பெரியம்மா தந்த சோற்றைச் சாப்பிட்டேன், "எப்பிடிச் சுகம் பெரியப்பா" என்று கேட்டேன். இயந்திரத்தில் பழுதாகப் போகிற பெயாரிங் நெடுநாள் சத்தம் போடும். கேட்டுக்கொண்டிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

போன வசந்த காலத்தில் பெரியப்பாவின் மகன் எனக்குத் தொலைபேசி எடுத்தான். எனக்குத் தம்பி முறை, என்னைவிட ஒரு வயது குறைவு. அவனும் கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் புரொண்பியில் இருக்கிற ஒரு பெண்ணும் கலியாணம் செய்ய முடிவெடுத்துவிட்டார்கள். இரண்டு குடும்பமும் முதல்முறை சந்திக்க வேண்டும். வரவேற்பறையில் இருத்தினால் தகப்பன்மார் ஊர், குறிச்சி என்று சாதி தேடத் தொடங்குவார்கள், தாய்மார் சோபாவை அளப்பார்கள் என்று அவனுக்குப் பயம். அதனால் எல்லாரையும் நாலு சில்லு மோட்டார் சைக்கிளில் ஏற்றப் போகிறானாம்.

"ஹெல்மெட் போட்டால் ஒருத்தரும் கதைக்கேலாது அக்கா," என்றான். "நீயும் வா. ஆராவது விழுந்தால் தூக்க ஆள் வேணும்."

சில்க்போர்க்குக்கு வெளியே, மணல் அள்ளி முடித்த பெரிய குழி ஒன்று இருக்கிறது. அதில் குவாட் என்கிற அந்த நாலு சில்லு வண்டிகளை ஓட்டக் கூட்டிக்கொண்டு போகிற நிறுவனம் தன் விளம்பரத்தில் அதைப் பாலைவனம் என்று போட்டிருந்தது. அந்த வருடம் மழை பிந்தியதால் அது பொய்யென்றும் சொல்ல முடியவில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல்மேடு, அதன் விளிம்பில் பைன் மரங்கள், நடுவில் பச்சைத் தண்ணீர் தேங்கிய ஒரு கிடங்கு.

வழிகாட்டி பின்னல் போட்ட, தோள் அகன்ற ஒரு டேனிஷ் பெண். என் வயதுதான் இருக்கும். விதிகளை நிதானமாகச் சொன்னாள். வலது பெருவிரலால் அமத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். முன்னால் போகிறவரின் தடத்திலேயே போக வேண்டும். மென்மையான மணலில் சில்லு சும்மா சுற்றினால் விரலை எடுத்துவிட வேண்டும், அமத்தினால் தோண்டிக்கொண்டு இறங்கும். நான் எல்லாவற்றையும் மனதில் இலக்கமிட்டு வைத்துக்கொண்டேன். பெரியப்பா அந்த நேரம் பெண்ணின் தகப்பனுக்கு, தான் யாழ்ப்பாணத்தில் உழவு மெசின் ஓட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஃபா, கேளுங்கோ," என்று தகப்பனை டேனிஷில் கூப்பிட்டுத் தமிழில் சொன்னான் தம்பி.

"கேக்கிறன், கேக்கிறன். இதென்ன பிளேன் ஓட்டுறதே?"

பயிற்சிக்கு ஒரு வட்டம் ஓடச் சொன்னாள். பெரியப்பா வட்டத்தை நீள்சதுரமாக ஓடி ஒரு டயர் அடுக்கை முட்டினார். வழிகாட்டி எல்லாரையும் பார்த்து வைத்துக்கொண்டு வரிசை சொன்னாள். தனக்கு நேர் பின்னால் பெரியப்பா. பிறகு பெண்ணின் தகப்பன், பெண், தம்பி. கடைசியில் நான். என் வண்டியிலேயே எனக்குப் பின்னால் பெண்ணின் தாய், ஏனென்றால் அவர் தனியே ஓட்டமாட்டேன் என்று நின்றார். பெரியம்மா ஏறவே மாட்டேன் என்று வாசலிலேயே இருந்துவிட்டார்.

இந்த வரிசைக்கு ஒரு விதி உண்டு. ஓட்டத் தெரியாத ஆளை வழிகாட்டி தனக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள், கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம் என்று. நம்பக்கூடிய ஆளைக் கடைசியில் விடுவாள். அவள் அதையும் சொன்னாள். பெரியப்பா கேட்கவில்லை.

"பாத்தீங்களே, மாப்பிள்ளையின்ர தகப்பன் எண்டு சொல்லாமலே விளங்கீற்றுது," என்று அவர் பெண்ணின் தகப்பனைப் பார்த்துச் சிரித்தார். "நான் முன்னுக்குப் போறன் சம்பந்தி. நீங்கள் பயப்பிடாமல் எனக்குப் பின்னாலை வாங்கோ."

பெண்ணின் தகப்பன் புரொண்பியில் பேருந்து ஓட்டுகிறவர். டேனிஷ் நன்றாக விளங்கும். என்னை ஒருமுறை பார்த்தார். "ஓம் ஓம், நீங்கள் போங்கோ," என்றார். தம்பி வாயைத் திறக்கப் போனான். நான் அவனுடைய ஹெல்மெட் பட்டியை இறுக்கினேன்.

புறப்பட்டோம். முன்னால் ஐந்து வண்டிகளின் தூசி. அதற்குள் பெரியப்பாவின் முதுகு நிமிர்ந்து தெரிந்தது. பின்னாலிருந்து பெண்ணின் தாய் என் ஹெல்மெட்டில் தட்டினார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டே?"

"கேளுங்கோ அன்ரி."

"தம்பி எப்பிடி? குடி கிடி?"

"என்ன?"

"குடி! குடிக்கிறவரோ எண்டு கேக்கிறன்!"

"வெள்ளிக்கிழமையில ஒண்டு ரெண்டு பியர்! நானுந்தான்!"

அவர் சிரித்த சிரிப்பில் என் முதுகெல்லாம் குலுங்கியது. தம்பியின் திட்டம் அந்த இடத்தில் தோற்றது. எங்கள் ஆட்களின் விசாரிப்பை ஒரு ஹெல்மெட்டாலும் இயந்திரச் சத்தத்தாலும் நிறுத்த முடியாது.

தம்பியைப் பற்றி நல்லதைத்தான் சொன்னேன். அது உண்மை. சமைப்பான், அழுவான், பொய் சொன்னால் காது சிவக்கும். ஒரு மேட்டின் உச்சியில் வழிகாட்டி கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினாள். இயந்திரங்கள் தணிந்தன. அன்ரி இறங்காமல், என் தோளைப் பிடித்தபடி குரலைக் குறைத்தார்.

"தகப்பன் எப்பிடிப் பிள்ளை? கலியாணம் முடிய தங்களோடதான் இருக்க வேணும் எண்டு நிக்கிறார். மேல்மாடி கட்டி முடிச்சிட்டாராம். அறை, குளியலறை எல்லாம் தனியாம். என்ர பிள்ளை அங்கை இருக்கலாமோ?"

முன்னால், வரிசையின் தொடக்கத்தில், பெரியப்பா திரும்பிப் பார்த்தார். கண்ணாடியும் ஹெல்மெட்டுமாக முகம் தெரியவில்லை. ஆனால் திரும்பிய தலை திரும்பியபடியே நின்றது. யார் யாரிடம் என்ன கேட்கிறார் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்க அந்த இடத்தில் இருந்து பதில் சொன்னவர் அல்லவா.

எனக்கு மூன்று வழி இருந்தது. முதலாவது, அவர் என்னைப் பற்றிச் சொன்ன அதே வசனத்தை அவருடைய மகனைப் பற்றிச் சொல்வது. அது போதும், எல்லாம் அன்றைக்கே முடிந்துவிடும். உண்மையைச் சொன்னால், வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அடி விழுவது தம்பிக்கு, ஆகவே தள்ளினேன். இரண்டாவது, "தங்கமான மனிசன்" என்று சொல்லிவிட்டு நல்லவளாக வீடு போவது. அதற்காக நான் இத்தனை நாள் காத்திருக்கவில்லை.

மூன்றாவதைச் செய்தேன். அவர் எனக்கு என்ன செய்தார் என்று முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். பிறந்தநாள் மேசை, அவனுடைய தாயின் தொலைபேசி, அந்த வசனம் சொல்லுக்குச் சொல். வேலையில் அறிக்கை வாசிப்பதுபோல, ஒன்றும் கூட்டாமல். சொல்லும்போது நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையைக்கூட அசைத்தேன். அவர் திருப்பி அசைக்கவில்லை.

அன்ரி என் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப நீ ஏன் இண்டைக்கு வந்தனி?"

"தம்பிக்காக."

"அது மட்டுமோ?"

"இல்லை."

"சரி. இருக்கலாமோ, இருக்கேலாதோ? அதைச் சொல்லு."

"இருக்கேலாது அன்ரி. அவரை எதிர்த்து ஒரு கதை கதைச்சாலும் மறக்கமாட்டார். ரெண்டு பேரும் தனிய இருக்கட்டும். தூரமா."

வழிகாட்டி மறுபடி புறப்பட்டாள். மேட்டிலிருந்து இறங்கும் பாதை வளைந்து போனது. அவளுடைய தடம் இடப்பக்கம் திரும்பியது. பெரியப்பா திரும்பவில்லை, ஏனென்றால் அவர் முன்னால் பார்க்கவே இல்லை. கழுத்தை முறித்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தபடி நேராகப் போய் மென்மையான மணலுக்குள் இறங்கினார். சில்லுகள் சுற்றின. விரலை எடுக்கச் சொல்லி வழிகாட்டி கத்தினாள். அவர் இன்னும் அமத்தினார். மணல் இரண்டு பக்கமும் விசிறி எழுந்தது. வண்டி ஒரு கோழி அடைகாக்க உட்காருவதுபோல மெல்ல மெல்லக் கீழே அமர்ந்தது.

நான் உதவிக்கு ஓடியிருக்கலாம். இந்த மாதிரி மணலில் வேலைத்தல வாகனங்களை எத்தனையோ முறை மீட்டிருக்கிறேன். சில்லுக்குக் கீழே பலகை வைத்து, டயரில் காற்றைக் குறைத்து, பின்னால் எடுத்தால் வந்துவிடும். நான் இருக்கையை விட்டு எழும்பவில்லை.

வழிகாட்டி வந்து இயந்திரத்தை நிறுத்தி, திறப்பை எடுத்துத் தன் பையில் போட்டாள். இனி இவர் ஓட்டக்கூடாது, சொன்னதைக் கேட்கிறாரில்லை என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். பெரியப்பா தமிழில் என்னவோ சொன்னார். மிச்சப் பாலைவனத்தை அவர் அவளுக்குப் பின்னால் இருந்துதான் கடந்தார். முதலில் கௌரவமாகப் பின்கம்பியைப் பிடித்திருந்தார். முதல் பள்ளத்தில் இரண்டு கையாலும் அவளுடைய இடுப்பைப் பிடித்தார்.

"ஐயோ கடவுளே," என்றார் அன்ரி. அவருடைய சிரிப்பில் என் முதுகு மறுபடி குலுங்கியது.

தூசி கழுவும் குழாயடியில் பெரியப்பா என்னைத் தனியே பிடித்தார். கண்ணாடி மூடியிருந்த இடம் மட்டும் சுத்தம், மிச்ச முகம் மணல்.

"ரெண்டு பேரும் என்ன கதைச்சனீங்கள்?"

"விசாரிச்சவ."

"என்ன சொன்னனி?"

"தம்பி நல்லவன் எண்டு சொன்னனான்."

அவருடைய தோள் இறங்கியது. நான் ஒரு நிமிடம் அதை அப்படியே இருக்கவிட்டேன்.

"பேந்து உங்களைப் பற்றிக் கேட்டவ. எனக்கு நீங்கள் செய்ததைச் சொன்னனான்."

"நான் என்ன செய்தனான்? நான் உன்னைப் பற்றி ஒரு கூடாத சொல் சொல்லேல்லையே, மகள்."

முதல்முறையாக என்னை மகள் என்றார்.

"நான் சொன்னதிலை எது பொய் பெரியப்பா?"

அவர் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவத் தொடங்கினார். நெடுநேரம் கழுவினார்.

அடுத்த கிழமை புரொண்பியிலிருந்து சம்மதம் வந்தது, ஒரு நிபந்தனையோடு. பிள்ளைகள் கொப்பன்ஹேகன் பக்கம் தனி வீட்டில் இருப்பார்கள். தம்பி மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. அவனுக்கும் அதுதான் விருப்பம், தகப்பனிடம் சொல்லத் துணிவில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரியும். ஏன் இந்த நிபந்தனை என்று பெரியப்பாவால் யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் என்னுடைய கதை வெளியே வரும். வீட்டில் அவர் சொல்லியிருக்க வேண்டும், பெரியம்மா மட்டும் என்னோடு கதைப்பதில்லை. மகன் தூரப் போனது அவருக்கும் அடிதான். முன்பு ஒவ்வொரு முறையும் எனக்குக் கட்டித் தருகிற மீன்கறி இப்போது வருவதில்லை. அது உறைக்கிறது. ஆனாலும் இன்னொரு முறை அந்த மேட்டில் நிறுத்தினால் அதையேதான் சொல்வேன்.

கலியாணம் மண்டபத்தில் நடந்தது. சாப்பாட்டு நேரம் பெரியப்பா பட்டு வேட்டியுடன் ஒரு மேசையில் நின்று ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இளசுகள் தனிய இருக்கட்டும் எண்டு நான்தான் சொன்னனான். இந்தக் காலத்திலை நாங்கள் பெரிய ஆக்கள் இடைஞ்சலா..."

அந்த இடத்தில் என்னைக் கண்டார். வாய் நின்றது. மேசையிலிருந்தவர்கள் அவர் முடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாயாசக் கிண்ணத்துடன் அவருக்கு எதிரே நின்றேன். எனக்கு அவசரம் இல்லை. அவர் மிச்சத்தைச் சொல்லட்டும் என்று ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன்.