காளானுக்கு நடந்த விசாரணை

கல்யாணமாகி மலாயாவில் இருக்கும் செடெனாக்குக்கு வந்த புதிதில், மரத்தில் முளைக்கும் காளானை மரத்துக்கு வந்த சிரங்கு என்றே நினைத்திருந்தேன். எங்கள் நாகூர்ப் பக்கம் காளான் என்றால் மண்ணில் குடை விரிப்பதுதான். இங்கே எங்கள் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால், யாரோ கைவிட்டுப் போன ரப்பர் மரங்களைக் காடு விழுங்கிக்கொண்டிருந்தது. சுட்டெரிக்கும் வெயிலுக்குப் பிறகு ஒரு மழை விழுந்தால் போதும். செத்துக் கிடந்த மரங்களின் மேலெல்லாம் விரல் நகம் அளவில் சாம்பல் நிற விசிறிகள் அப்பிக்கொள்ளும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாதான் அதைப் பறித்து, இடித்து, வேகவைத்துத் தின்னலாம் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தார். மெல்ல மெல்லப் பல்லுக்கு வேலை கொடுக்கும்.

அந்தச் சமயத்தில்தான் என் கணவரின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ரயிலேறி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். அங்கே கறிக்கடை வைத்திருந்தவர். கறியைக் கண்ணால் பார்த்தே ஆட்டின் வயதைச் சொல்வேன் என்பார். அன்று எங்கள் ஊரில் கறி கிடைக்கவில்லை. நான் அந்தக் காளானை மிளகும் சோம்பும் அரைத்துப் போட்டு வறுத்து வைத்தேன்.

அவர் ஒரு வாய் தின்றார். கண்ணை மூடினார்.

"இளங்குட்டி. முன்னங்கால். எங்கே வாங்குன?"

"நானா, அது காளான்" என்றார் என் கணவர். அண்ணனை நானா என்று கூப்பிடுவதுதான் எங்கள் வழக்கம்.

"யாருகிட்ட சொல்றே? முப்பது வருசமா கறி வெட்டுறேன்டா."

"நெசமாவே காளான்தான் மச்சான், பின்னால மரத்துல பறிச்சேன்" என்று நானும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. புருஷனுக்காகப் பொய் சொல்லும் பெண் என்று முடிவுகட்டிவிட்டார் போலும். சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய், தம்பி எங்கேயோ நல்ல ஆட்டுக்குட்டி பிடிக்கிறான், இடத்தை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறான் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார்.

எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் ஆடு வளர்த்த ஒருவருக்கு அதே வாரம் ஒரு ஆடு காணாமல் போயிருந்தது. மறுநாள் காலையில் அவர் கையில் கம்போடு எங்கள் வாசலில் நின்றார்.

"என் ஆட்டைத் தின்னுட்டு காளான்னு சொல்றீங்களா?"

சத்தம் வளர்ந்து, வழக்கு ஊர்த்தலைவரான பெங்குளுவின் வீட்டுக்குப் போனது. அவர் முழுக் கதையையும் கேட்டார். சிரிப்பை அடக்க வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "பறித்து வா, இங்கேயே சமை" என்று மலாயில் சொன்னார்.

காட்டோரம் போனேன். பின்னாலேயே ஆட்டுக்காரரும் மச்சானும் காவலுக்கு வந்தார்கள். நான் செத்த மரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கிள்ளுவதை மச்சான் குனிந்து பார்த்தார். ஒன்றை எடுத்து மோந்தும் பார்த்தார். பெங்குளு வீட்டு அடுப்பில் இடித்து, வேகவைத்து, வறுத்து இறக்கினேன். புகையில் கண் எரிந்தது. அழுகிறேன் என்று நினைத்துப் பெங்குளுவின் மனைவி என் முதுகைத் தடவினார்.

பெங்குளு தின்றார். "சிண்டாவான் லா" என்றார். சிண்டாவான் என்றால் காளான்.

அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் மச்சான் ஒரு வாய் தின்றார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுவும் கறிதான்."

"நானா! நீங்களே பார்த்துக்கிட்டுத்தானே நின்னீங்க?" என் கணவரின் குரல் உடைந்தே போனது.

"பார்த்தேன். கண்ணு ஏமாறும். நாக்கு ஏமாறாது."

ஆட்டுக்காரர் உடனே, "கேட்டீங்களா? கூடப் பொறந்தவரே சாட்சி சொல்றாரு!" என்று துள்ளினார். ஆனால் துள்ளும்போதும் அவர் கை தட்டை விடவில்லை. தன்னுடைய ஆடு என்று நம்பியதை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தார். பெங்குளு தீர்ப்புச் சொல்ல வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

அப்போது ஆட்டுக்காரரின் மனைவி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஆடு வந்துருச்சுங்க! புதருக்குள்ள போயி குட்டி போட்டிருக்கு. ரெண்டு!"

ஆட்டுக்காரர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, மிச்சம் இருக்கிறதா என்று தட்டைப் பார்த்தார். பெங்குளு எழுந்து உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து அவர் சிரிப்பது வாசல்வரை கேட்டது.

மச்சான் அன்றைக்கே ரயிலேறினார். கிளம்புமுன் அடுப்படி வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் எலையில கட்டிக் குடு, புள்ள."

"எதை மச்சான்?"

"அதைத்தான்" என்றார். பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லாமல் கட்டிக் கொடுத்தேன்.

அவரை ஸ்டேஷனில் விட்டு வந்த என் கணவர், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார். ஏதோ சொல்ல ஆரம்பித்தார், முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகி அத்தனை மாதத்தில் அவருடைய பல்லை நான் அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.