காலர் அண்ணனின் ஒரு வாரக் காய்ச்சல்

சட்டையில் காலர் என்ற உறுப்பு எதற்கு இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. குளிரைத் தடுப்பதில்லை, பையைப் போல எதையும் சுமப்பதும் இல்லை. சண்டையில் எதிராளி பிடித்துக்கொள்ள வசதியாக வைத்திருப்பார்கள் போலும். ஆனால் ஒரு மனிதருக்கு இருபது வருஷமாகச் சோறு போட்டது அதுதான்.

ஏற்றுமதிச் சட்டை தைக்கும் ஆலையில் அவருக்குப் பெயரே காலர் அண்ணன். அங்கே ஒருவர் கை தைப்பார், ஒருவர் பை வைப்பார், இவர் காலர். வெட்டிய துணி கட்டுக்கட்டாக இடப்பக்கம் வந்து விழும். காலராகி வலப்பக்கம் போகும். போய் எந்த உடம்போடு சேர்கிறது என்று அவர் பார்த்ததில்லை. முனை மட்டும் ஊசி மாதிரி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு தைப்பார் என்று சூப்பர்வைசரே புகழ்வதுண்டு, சம்பள உயர்வு கேட்காத நாட்களில்.

அதே சூப்பர்வைசர் ஒரு நாள், அண்ணன் கழிவறையிலிருந்து வரத் தாமதமானதற்கு, "என்ன அண்ணே, உள்ளயே குடி போயிட்டீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்ததும், இனிமேல் சொந்தக் கடைதான் என்றார்.

"வேலைய விட்டுட்டு வந்து சொல்றீங்களா, இல்ல விடறதுக்கு முன்னாடி சொல்றீங்களா?" என்று மட்டும் மனைவி கேட்டார்.

முன்னாடிதான். காய்ச்சல் என்று ஒரு வாரம் லீவு சொல்வது. முன்னறையில் பழைய மிஷினைப் போட்டு ஒரு முழுச் சட்டை தைத்துப் பார்ப்பது. சரியாக வந்தால் ராஜினாமா, வராவிட்டால் காய்ச்சல் குணம். 'ஆண்களுக்கான சட்டைகள் தைத்துத் தரப்படும்' என்று வாசலில் பலகையும் தொங்கியது.

முதல் வாடிக்கையாளர் மனைவியின் தம்பி. துணியைக் கொடுத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்து நின்றார். அண்ணன் டேப்பை எடுத்தார், கழுத்தைச் சுற்றி அளந்தார், குறித்துக்கொண்டார், "ஆச்சு மாப்ளே, கிளம்பு" என்றார்.

மைத்துனர் விரித்த கையை மடக்கவில்லை. "மாமா, கழுத்துக்குக் கீழயும் நான் கொஞ்சம் இருக்கேன்."

அடுக்களைக்குள் மனைவி சிரித்தது கேட்டது. அண்ணனும் சிரித்தார், சற்றுத் தாமதமாக.

மற்ற அளவுகளையும் எடுத்தார். முதலில் காலரைத் தைத்தார். அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம், அத்தனை அழகு. பிறகு அதன் அடியில் சட்டை மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டார். மைத்துனர் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் மொத்தச் சட்டையும் மேலே ஏறித் தொப்புள் தரிசனம் தந்தது. பிரித்துத் தைத்தார். தொப்புள் மறைந்தது, ஆனால் கை தூக்க வரவில்லை. வார முடிவு வரை பிரிப்பதும் தைப்பதுமாகப் போயிற்று.

"பரவால்ல மாமா. பஸ்ல சீட்டு கெடச்சா கம்பியப் புடிக்கத் தேவையில்லைல்ல" என்று மைத்துனர் அதைப் போட்டுக்கொண்டே போனார். திட்டியிருந்தால் அண்ணன் வீம்புக்கு இன்னொன்று தைத்திருப்பார். ஆறுதல் சொன்னது ஆளைச் சாய்த்துவிட்டது.

திங்களன்று ஆலைக்குப் போனபோது அவர் மிஷினில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"காய்ச்சல் போச்சா அண்ணே?" என்றார் சூப்பர்வைசர். "இந்தப் பொண்ணு நாலே நாள்ல புடிச்சிக்கிச்சு. நீங்க இனிமே கஃப் தைங்க."

அண்ணன் குனிந்து அவள் தைத்த காலர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். குறை கண்டுபிடிக்கத்தான் எடுத்தார். முனை ஊசி மாதிரி நின்றது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, சட்டைக் கையின் மணிக்கட்டுப் பட்டி தைக்கும் கஃப் மிஷினுக்குப் போனார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் ஒருவர் சட்டையோடு காத்திருந்தார். பலகையைக் கழற்ற மறந்ததன் பலன்.

"துணி நல்லாத்தான் இருக்கு. காலர் மட்டும் நைஞ்சு போச்சு, மாத்தணும். டெய்லருங்க யாருமே இந்தச் சின்ன வேலைய எடுத்துக்க மாட்டேங்கிறாங்க."

அண்ணன் சட்டையைக் கையில் வாங்கக்கூட இல்லை. "இங்க தைக்கிறதில்லீங்க" என்றார்.

அவர் போனதும் உள்ளேயிருந்து ஸ்டூலை எடுத்து வந்து, ஏறி, பலகையின் ஆணியைப் பிடுங்கத் தொடங்கினார். மனைவி வாசலுக்கு வந்து, சட்டையோடு தெருமுனை வரை போய்விட்ட ஆளைப் பார்த்தார். கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் ஸ்டூல் ஆடியது. குனிந்து அதைப் பிடித்துக்கொண்டார்.