தம்மாத்தூண்டுக் கட்டியும் ஓர் அறையும்

தோல் டாக்டரிடம் யாரும் முதலில் வருவதில்லை. பக்கத்து வீடு, மருந்துக்கடை, மந்திரிக்கிறவர் எல்லோரும் கைவிட்ட பிறகுதான் வருவார்கள். இதைச் சொறிந்துகொண்டே படிக்கும் அன்பர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். காலடிப்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கும் எனக்கு உங்களை நன்றாகத் தெரியும்.

எல்லைக்கோடு

சகாயம் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர். அவர் சட்டையைத் தூக்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பெல்லாம் வட்ட வட்டமாகப் படை. ஒவ்வொரு வட்டத்தைச் சுற்றியும் நீலப் பேனாவால் ஒரு கோடு. பரவாமல் இருக்க அவரே போட்ட வேலியாம். படை வேலியைத் தாண்டி முதுகுக்குப் போயிருந்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு களிம்பைப் பூசிப் பூசி அவரே அதை ஊட்டி வளர்த்திருந்தார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் கீது டாக்டரம்மா. பேனாதான் ஒண்ணே ஒண்ணு கீது."

கூட வந்தவர்

மறுநாள் மனைவி ஸ்டெல்லாவைக் கூட்டிவந்தார். ராயபுரத்தில் மீன் விற்கிறவர். அவருக்கும் முழங்கையில் அதே படை. இருவருக்கும் வீட்டில் ஒரே துண்டு. ஆனால் என் கண் போனது அவருடைய மோதிர விரலுக்கு. துணி சுற்றி, யார் மேலும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். ஐஸில் பட்டால் தோள் வரைக்கும் சுரீரென்று ஏறுகிறதாம். மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று, எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று, ஒன்றும் தெரியவில்லை. வியாபாரம் படுத்துவிட்டது. "வேலைக்குப் போவாம இருக்க நடிச்சிகினு கீறா," என்றார் சகாயம். ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பொறந்ததுலருந்து மீன் கூடையத் தூக்கறவ நானு. வலிக்குதுன்னா ஒருத்தனும் நம்ப மாட்றான் டாக்டரம்மா."

ஐஸ் பரிசோதனை

துணியை அவிழ்த்தேன். நகத்தடியில் மங்கலாக ஒரு நீலப் புள்ளி. எனக்குத் தலைகால் புரியவில்லை! புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த, குளிர் பட்டால் உயிர்போக வலிக்கும் அபூர்வக் கட்டி, தானாக என் கிளினிக்குக்கு நடந்து வந்திருக்கிறதே! குண்டூசியின் தலையால் நகத்தை மெல்ல அங்கங்கே அழுத்தினேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் துள்ளினார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? ஃபிரிட்ஜிலிருந்து ஓர் ஐஸ் கட்டியை எடுத்துவந்து விரலில் வைத்தேன்.

பளார்! என் மூக்குக் கண்ணாடி எடைபார்க்கும் மெஷினுக்கு அடியில் போய் விழுந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "கட்டிதான்! நகத்துக்கடியில கட்டிதான்!" என்று நான் குதிக்க, ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க, சகாயம் வாயைப் பிளந்து நின்றார்.

"கண்ணாலம் ஆன நாள்லருந்து என்னியகூட இப்டி அறைஞ்சதில்ல டாக்டரம்மா!"

பாட்டில்

ஸ்கேனிலும் உறுதியானது. விரலை மரத்துப்போக வைத்து, நகத்தைத் தூக்கிக் கட்டியை எடுத்தேன். கடுகளவுதான் இருந்தது. பரிசோதனைக்கு அனுப்பப் பாட்டிலில் போட்டதும் சகாயம் உற்றுப் பார்த்து, "இந்தத் தம்மாத்தூண்டுக்கா அவ்ளோ கூச்சலு?" என்றார். ஸ்டெல்லா கட்டுப்போட்ட கையோடு பாட்டிலை வாங்கிக்கொண்டு வெளியே போனார். காத்திருந்தவர்கள் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் காட்டினார். சொறிந்துகொண்டிருந்தவர்கள்கூடச் சொறிவதை நிறுத்திப் பார்த்தார்கள். கடைசியாகத் திரும்பிவந்து புருஷன் மூக்குக்கு நேரே நீட்டினார். சகாயம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"நல்லா பாத்துக்கோய்யா. இத்தான் என்னோட நடிப்பு!"

என் தொழிலில் கட்டியை எடுப்பது சுலபம், அது இருக்கிறது என்று வீட்டுக்காரரை நம்பவைக்கத்தான் டாக்டர் அறை வாங்க வேண்டியிருக்கிறது.