மாத்தி வச்சது

அன்றைக்குப் பாறசாலை ஜவுளிக்கடைக்குள்ளே மொத்தம் மூன்று பேர். நான், கடை முதலாளி, பில் போடுகிற அக்கா. கடையின் கம்ப்யூட்டர் வேலையை ஏற்றிருந்தவர், நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடை அண்ணன். அவர் எல்லைக்கு அந்தப் பக்கம், மார்த்தாண்டத்தில், போனில் இருந்தார். அடிக்கடி மறியல் நடந்த வருஷங்கள் அவை. காலையிலேயே பாறசாலை ரோட்டை அடைத்துவிட்டார்கள். ஷட்டரைத் தாழ்த்திக்கொண்டு நாங்கள் உள்ளே, வெளியே கோஷம்.

ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஐந்து பில் கவுண்டர் ஓடும் கடை அது. அதற்காக ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சோர்ஸ் கோடையே அண்ணன் தன் கையால் திருத்தி வைத்திருந்தார். அதில் நான் புதிய பதிப்பை ஏற்ற வேண்டும். மறுநாள் பண்டிகை விற்பனை. ஐந்தும் ஓடினால்தான் அண்ணனுக்கு முழுப்பணம், எனக்கும் வேலை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு யார் கம்ப்யூட்டரைத் தொடக் கொடுப்பார்கள்?

அண்ணன் மலையாளி. என்னோடு தமிழ்தான் பேசுவார். நடுநடுவே வார்த்தை மட்டும் மலையாளமாக விழும்.

"புதுசு ஏத்துறதுக்கு முன்ன பழைய சோர்ஸை மாத்தி வைக்கணும், கேட்டா?" என்று சொல்லியிருந்தார்.

மாத்தினேன். பழையதிருந்த இடத்திலேயே புதியதைப் போட்டேன். மேலே எழுதட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவன் நான். பழையதில் ஒரு துண்டு மிஞ்சினாலும் தகராறு வருமோ என்று பயந்து, தேடித்தேடி அழித்தேன்.

அண்ணன் போனில் கேட்டார்: "மாத்தி வச்சாச்சா?"

"வச்சாச்சுண்ணே. மூணு தடவை பாத்தேன்."

கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தது. ஒரு கவுண்டருக்கும் உயிரில்லை.

"பேடிக்காதே, பயப்பட ஒண்ணுமில்ல," என்றார் அண்ணன். "மாத்தி வச்சதை எடுத்துப் போடு."

"எதைண்ணே?"

"மாத்தி வச்சதை!"

"புதுசுதானே இப்ப கெடக்கு?"

போனில் அண்ணனின் குரல் உயர்ந்தது.

"எலே, மாத்தி வைக்கிறதுன்னா தனியா எடுத்து வைக்கிறதாக்கும்!"

பிறந்ததிலிருந்து இரண்டு பாஷையும் கேட்டு வளர்ந்தவன். மலையாளத்தில் அதுதான் அர்த்தமென்று எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் காது தமிழில் இருந்தது, அவ்வளவுதான்.

ஓடிப்போகலாமென்றால் ஷட்டரில் கல் விழுந்தது. முதலாளி என்னையே பார்த்தார். "வெளிய எறங்குனா கல்லு. உள்ள இருந்தா நீ. நான் எங்கயாக்கும் போறது, மக்கா?"

"பில் புக்கு உண்டு, நான் கையால எழுதிக்கிடுதேன்," என்றாள் அக்கா.

அண்ணன் வீட்டில் பழைய சிடி ஒன்று இருந்தது, மூன்று மாதத்துக்கு முந்தியது. சாயங்காலம் ரப்பர் தோட்டத்து வழியாக நடந்தே எல்லையைத் தாண்டிக் கொண்டுவந்தார். என்னைத் திட்டவில்லை. அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம். கடைசி மூன்று மாதத்தில் அவர் செய்த திருத்தங்கள் அந்தச் சிடியில் இல்லாததால் மூன்று கவுண்டர்தான் ஓடியது. முதலாளி மூன்றுக்கு மட்டும் பணம் கொடுத்தார்.

வேலை போகவில்லை. மற்ற இரண்டுக்கான நாலாயிரத்தை, நான் கேட்டுக்கொண்டபடி, அண்ணன் என் பேரில் கடனாக எழுதினார். ஆயிரத்து இருநூறு கொடுத்திருந்தபோது அவர் தன் கம்ப்யூட்டர் கடையை மூடிவிட்டு வெளிநாடு போனார். கொடுக்க வேண்டியது இன்னும் இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்.