காப்புக் கட்டிய கை

கிள்ளானில் இரும்புக் கடையொன்றின் கிடங்கைக் கவனித்துவரும் கார்த்திகேசு, பிறர் விழிகளுக்கு அஞ்சியே வளர்ந்தவர். பள்ளியில் ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்தாலே அவருக்கு நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தனிமையில் பதிகம் பாடினாலோ, கேட்கக் கல்லும் கசியும்.

தம்பி லோகன் வேறு வார்ப்பு. பந்திங் சாலையில் மோட்டார் சைக்கிளைச் சீறவிட்டுக் கால் முறித்துக்கொண்டவன். "இவன் குடிச்சே அழியப் போறான்" என்று உறவினர் அவனுக்கே ஆருடம் கூறினர். அவனோ ஒருமுறை பீர் குடித்துப் பார்த்து, "உடம்பு ஸ்லோவா ஆகுதுலா" என்று விட்டொழித்தான். அவன் நாடிய வெறியை வேகமே தந்தது.

தமையன் நாடியது வெறியன்று, அச்சமின்மை. ஒரு துக்க வீட்டில் பாட எழுந்து அவர் நடுங்கியதைக் கண்ட ஒருவர், சம்சு சாராயத்தை மூடியில் ஊற்றி நீட்டினார். கார்த்திகேசு விழுங்கினார். கூட்டம் மறைந்தது, குரல் திறந்தது. கேட்டவர்கள் அதனை அருள் என்றனர். அவ்வாறே நம்ப அவரும் விரும்பினார். நாளடைவில் மூடி புட்டியாயிற்று. புட்டி வேட்டி மடிக்குள் குடியேறிற்று. கிராம்பு மென்று வாடையை மறைத்தார். அந்த வாயோடுதான், வீடு திரும்பும் தம்பியை வாசலில் நிறுத்தி, "ஊதுடா, பாப்போம்" என்று சோதிப்பார்.

தன் மனைவி தாமரை பிள்ளைப்பேற்றில் பிழைத்தமைக்காக, லோகன் பங்குனி உத்திரக் காவடிக்கு நேர்ந்துகொண்டான். மூத்தவர் பாடி இளையவருக்குக் காப்புக் கட்டுவது அவர்கள் குடும்ப வழக்கம். கோயிலில் கார்த்திகேசு பாடி முடித்து, குனிந்து மஞ்சள் கயிற்றை முடிந்தார். அன்று கிராம்பை மறந்திருந்தார்.

அருகே நின்ற கோயில் தலைவர் பரமேஸ்வரன் மூக்கைச் சுளித்தார்.

"டேய் லோகன், காப்புக் கட்டுற நாள்லயுமா தண்ணி?"

"நான் குடிக்கல அங்கிள்."

"பின்ன யாரு? பதிகம் பாடுன உங்க அண்ணனா?"

கூட்டம் சிரித்தது. லோகன் தமையனின் முகத்தை ஒருகணம் நோக்கினான். கயிறு கட்டுகையிலேயே அவனுக்கு வாடை தெரிந்துவிட்டிருந்தது. பிறகு கையை நீட்டினான்.

"அவுத்துடுங்க அங்கிள். அடுத்த வருஷம் எடுத்துக்கிறேன்."

பரமேஸ்வரன் முடிச்சில் விரல் வைத்தார். கார்த்திகேசு வாய் திறந்தார். அத்தனை விழிகளும் அவர்மேல் திரும்பின, நா ஒட்டிக்கொண்டது. பழகிய கை தானே மடிக்குள் சென்று புட்டியைத் தொட்டது. ஒரு வாய் விழுங்கினால் உண்மையைச் சொல்லிவிடலாம்! அந்த எண்ணமே அவரைக் கூசிக் குறுகச் செய்தது.

புட்டியை வெளியே எடுத்தார். திறக்கவில்லை. தாம்பாளத்தில், குங்குமத்தின் அருகே வைத்தார்.

எவரும் சிரிக்கவில்லை. பரமேஸ்வரனின் விரல்கள் முடிச்சை விட்டு விலகின.

"வாங்கண்ணே, வீட்டுக்குப் போலாம்" என்றான் லோகன் தாழ்ந்த குரலில்.

கார்த்திகேசு அசையவில்லை. வாசலை அடைய, அத்தனை பேரையும் கடந்தாக வேண்டியிருந்தது.